எந்த ஆங்கிலம்?

பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் நம் வீடுகளில் சயின்ஸா, காமர்ஸா என்பதே பேச்சு. எந்த ஆங்கிலம் என்று கேட்பார் இல்லை. சி.பி.எஸ்.இ. மேல்நிலை வகுப்பில் ஆங்கிலம் இரண்டு வகை: கோர், எலெக்டிவ். ஒன்றைத்தான் எடுக்கலாம். பெரும்பாலான பள்ளிகள் கோர் மட்டுமே நடத்துவதால் மற்றது இருப்பதே பலருக்குத் தெரியாது.

என் மகள் 2015இல் எலெக்டிவ் எடுத்துப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதினாள். பாடநூலில் திரைப்படம் எடுப்பது பற்றி இங்மார் பெர்க்மன் எழுதியது இருந்தது. கிரீஷ் கார்னாடின் நாடகம் இருந்தது. சங்கப் பாடல்களை ஆங்கிலத்தில் தந்த ஏ.கே. ராமானுஜனின் கவிதையும் இருந்தது. (நம் பிள்ளைகள் அவரை ஆங்கிலப் புத்தகத்தில்தான் சந்திக்க வேண்டியிருக்கிறது!) "இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?" என்றார்கள் உறவினர்கள். கணக்கு டியூஷனுக்கு யாரும் அப்படிக் கேட்பதில்லை.

வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் ஆங்கிலம் என வளரும் பிள்ளைக்கு மூன்றுமே அரைகுறையாகிவிடுமோ என்ற பயம் நமக்கெல்லாம் உண்டு. ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்த்துவிட்டால் அது தீராது. நிறையப் படித்து, எழுதி, வாதாடிப் பழக வேண்டும். மாஸ் மீடியா ஸ்டடீஸ் என்றொரு விருப்பப் பாடமும் இருக்கிறது. அதை மார்க் குறைந்த பிள்ளைகளின் பாடம் என்று ஒதுக்குவது அநியாயம்.

போதிய பேர் கேட்காவிட்டால் பள்ளி ஆசிரியரைப் போடாது. ஆகவே ஒன்பதாம் வகுப்புப் பெற்றோர் கூட்டத்திலேயே நாலைந்து குடும்பமாகச் சேர்ந்து எழுதிக் கொடுங்கள். தமிழையும் விருப்பப் பாடமாகக் கேட்டு அதே தாளில் ஒரு வரி சேர்த்துவிடலாம்.