ஆடு கொடுத்தால் போதுமா? குட்டி பிழைக்க வேண்டாமா?

முதல் நாளிலேயே முடிவாகிறது அதன் ஆயுள்!

ஏழைக் குடும்பத்துக்கு ஆடுதான் பாங்கி. மகள் கலியாணமா? மகன் படிப்பா? திடீர் வைத்தியச் செலவா? ஆட்டை விற்றுத்தான் சமாளிக்கிறார்கள்.

இது சர்க்காருக்கும் தெரியும். 2011-ல் தமிழ்நாட்டில் விலையில்லா ஆடு வழங்கும் திட்டம் தொடங்கியது. குடும்பத்துக்கு 4 ஆடுகள். 5 ஆண்டுகளில் 7 லட்சம் குடும்பங்களுக்குக் கொடுப்பது என்று இலக்கு வைத்தார்கள். கணவனை இழந்த ஏழைப் பெண்களுக்கு ஆளுக்கு 5 ஆடுகள் கொடுக்கும் திட்டம் 2021-ல் வந்தது.

2019-ல் எடுத்த கால்நடைக் கணக்குப்படி, தமிழ்நாட்டில் இருந்த வெள்ளாடுகள் ஏறக்குறைய 99 லட்சம்!

கொடுத்த ஆட்டுக்குக் கணக்கு உண்டு. அது போட்ட குட்டி பிழைத்ததா? அதுதான் கேள்வி. குட்டி செத்தால், அந்தக் குடும்பத்தின் முதலே போய்விடுகிறது.

வெறுங்கையோடு பிறக்கும் குட்டி

மனிதக் குழந்தை பிறக்கும்போதே நோயை எதிர்க்கும் சக்தியோடு பிறக்கிறது. தாயின் ரத்தத்தில் உள்ள எதிர்ப்புப் பொருள், நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய்விடுகிறது.

ஆட்டுக்கு அப்படி இல்லை. அதன் நஞ்சுக்கொடி எதிர்ப்புப் பொருளை உள்ளே விடுவதில்லை. பிறந்த குட்டியின் ரத்தத்தில் அது அநேகமாக இருக்காது. அது கிடைக்கும் ஒரே இடம் சீம்பால்!

1922-ல் அமெரிக்காவில் தியோபால்ட் ஸ்மித், ரால்ப் லிட்டில் என்ற இரண்டு விஞ்ஞானிகள் கன்றுக்குட்டிகளில் இதை ஆராய்ந்தார்கள். சீம்பால் கிடைக்காத கன்றுகளில் பல செத்தன. குடித்த கன்றுகள் பிழைத்தன.

கதவு மூடிவிடும்

சீம்பாலில் உள்ள எதிர்ப்புப் பொருளைக் குட்டியின் குடல் அப்படியே ரத்தத்துக்குள் விடும். ஆனால் கொஞ்ச நேரந்தான். முதல் 6 மணி நேரம் மிக நல்லது. 24 மணி நேரத்தில் அந்தக் கதவு மூடிவிடும். பிறகு குடம் குடமாகக் கொடுத்தாலும் ரத்தத்தில் சேராது.

"நஞ்சுக்கொடி விழட்டும், பிறகு பால் கொடுக்கலாம்" என்று சில இடங்களில் காத்திருக்கிறார்கள். இது தவறு. காத்திருக்கும் ஒவ்வொரு மணியும் குட்டிக்கு நஷ்டம்.

எவ்வளவு கொடுப்பது? எடையில் பத்தில் ஒரு பங்கு. 2 கிலோ குட்டிக்கு முதல் நாளில் 200 மில்லி. அதைப் பல தடவையாகக் கொடுக்கவேண்டும். முதல் தடவை, பிறந்த ஒரு மணி நேரத்துக்குள்.

தெற்கு ஜில்லாக்களின் கன்னி ஆடு இரட்டைக் குட்டி போடுவது சகஜம். வலுத்த குட்டி குடித்துவிடும். இளைத்த குட்டி ஏமாந்துவிடும். அதற்கு நாம்தான் காம்பைப் பிடித்து ஊட்ட வேண்டும். தாய்க்குப் பால் இல்லையா? அன்று குட்டி போட்ட வேறு ஆட்டின் சீம்பாலைக் கொடுக்கலாம். காய்ச்சக் கூடாது. காய்ச்சினால் எதிர்ப்புப் பொருள் கெட்டுவிடும்.

ஒரு சொட்டில் தெரியும்

குட்டிக்குப் போதிய சக்தி சேர்ந்ததா என்று கண்டுபிடிக்க முடியுமா? முடியும்.

பிறந்து 24 மணி முதல் 48 மணிக்குள், டாக்டர் கொஞ்சம் ரத்தம் எடுப்பார். ரத்தம் உறைந்ததும் மேலே தெளிந்த நீர் நிற்கும். அதில் ஒரு சொட்டைக் கருவியில் விட்டுப் பார்ப்பார். கரும்புச் சாற்றில் சர்க்கரை எவ்வளவு என்று ஆலையில் பார்க்கிறார்களே, அதே கையடக்கக் கருவிதான்! எண் குறைவாக இருந்தால், குட்டி சரியாகச் சீம்பால் குடிக்கவில்லை என்று சந்தேகிக்கலாம்.

ஓர் எச்சரிக்கை: கழிச்சலில் உடம்பு வற்றிய குட்டிக்கு எண் பொய்யாக உயர்ந்து காட்டும். கன்றுக்குட்டிக்குச் சொன்ன அளவை ஆட்டுக்குட்டிக்கு அப்படியே வைப்பதும் சரியல்ல.

"காலம் கடந்தபின் சோதித்து என்ன பயன்?" என்று கேட்கலாம். அந்தக் குட்டியைத் தனியாகக் கவனிக்கலாம். அதைவிட முக்கியம் வேறு. ஓர் ஊரில் 10 குட்டிகளைச் சோதித்தால், அந்த ஊரில் வளர்ப்பு முறை சரியா, தப்பா என்று தெரிந்துவிடும். அடுத்த ஈற்றுக் குட்டிகள் பிழைக்கும்.

தடுப்பூசிக்கு முன் காவல்

ஆட்டுக்கொல்லி நோயை 2030-க்குள் உலகத்திலிருந்தே ஒழிப்பது என்று 2015-ல் திட்டம் போட்டார்கள். அந்த ஊசியைக் குட்டிக்கு 3 மாதம் ஆனபிறகே போடுகிறார்கள். அதுவரை தாய் தந்த சக்திதான் காவல். தாய்க்கு ஊசி போட்டிருந்தால்தான் சீம்பாலிலும் அந்தச் சக்தி இருக்கும். சினை ஆட்டுக்கு, குட்டி போடுவதற்கு 4 முதல் 6 வாரம் முன்பு துள்ளுமாரி ஊசி போடச் சொல்வதும் இதற்காகத்தான்.

ஆடு கொடுப்பது நல்ல காரியம். அதோடு சீம்பால் பாடத்தையும் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஊருக்குப் பத்துக் குட்டிகளைச் சோதிக்க வேண்டும். எத்தனை ஆடு கொடுத்தோம் என்ற கணக்குக்குப் பக்கத்தில், எத்தனை குட்டி பிழைத்தது என்ற கணக்கையும் எழுத வேண்டும். ஏழைக்கு லாபம் அந்த இரண்டாவது கணக்கில்தான்!