பின் அச்சின் இரைச்சல்



விடியுமுன் சந்தைக்குச் சரக்கேற்றிச் செல்லும் உங்கள் பிக்கப் வண்டியின் பின்புறத்தில் இரைச்சல் கேட்கிறதா? பாட்டின் சத்தத்தைக் கூட்டி அதை மறைத்துவிடாதிருங்கள்.

சத்தம் எப்போது மாறுகிறது என்று முதலாவது கவனியுங்கள். சாலைக்குச் சாலை மாறினால் அது டயராயிருக்கலாம். இடப்பக்கம் திரும்பும்போது கூடினால், பாரம் சாய்கிற வலச் சக்கரத்தின் பேரிங்கைச் சோதியுங்கள். ஆக்ஸிலேட்டரை மிதிக்கையில் ஒருவிதமாகவும் விடுகையில் வேறுவிதமாகவும் ஒலித்தால், குறை கிரவுன் பினியனில் இருக்கக்கூடும்.

அடுத்து, வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹவுசிங்கில் கியர் ஆயில் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆயிலில் இரும்புச் சில்லுகள் கிடந்தால், உள்ளே ஏதோ உடைகிறது. அப்போது புது ஆயில் ஊற்றுவதினால் சத்தம் சற்றே அடங்கலாம், பழுது நீங்காது. பேரிங்கை மாற்றும்போது ஆயில் சீலையும் மாற்றுங்கள். கசியும் ஆயில் பிரேக் ஷூவை நனைத்தால் வண்டி சரியாக நிற்காது.

ஒரு நாள் வாடகை போய்விடுமே என்று கலங்குகிறீர்களா? பட்டறையில் கழியும் ஒரு நாள், பாரத்தோடு வழியில் நிலைகுலையும் சக்கரத்தைவிட மேலானது. வீட்டில் உங்களுக்காகக் காத்திருக்கிறவர்களை நினையுங்கள்.

தாவீது தன் இருதயத்தை ஆராயும்படி தானே தேவனிடம் வேண்டிக்கொண்டான். நம் கோபமும் சுமை ஏறும்போதும் திரும்பும்போதும்தானே வெளிப்படுகிறது? ஆராதனையின் சத்தத்தில் அதை மறைக்காமல், இன்றே திறந்து காட்டுவோம். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக.