நிழலில் நின்ற கைடு

தஞ்சாவூர்ப் பெரிய கோயிலின் நிழல் தரையில் விழும். நல்ல அகலமாக, ஜில்லென்று விழும். சித்திரை மாதத்தில் காலை ஒன்பதரை மணிக்கே கல்தரை தோசைக்கல் ஆகிவிடுகிறது. செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போகிறவனுக்கு, விமானத்துக்கு மேற்கே விழுகிற அந்த நிழல்தான் புகலிடம். எங்கள் கைடு எங்களை நேராக அங்கேதான் அழைத்துப் போனார். நிழலின் நட்டநடுவில் நிறுத்தினார். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"சார், இந்தக் கோபுரத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. இதோட நிழல் தரையில விழவே விழாது!"

நான் கீழே பார்த்தேன். என் நண்பனும் கீழே பார்த்தான். கைடு மட்டும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

நண்பனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் ஒரு அரசு அலுவலகத்தில் எஸ்டாப்ளிஷ்மென்ட் செக்‌ஷன். சர்வீஸ் ரிஜிஸ்டர், இன்க்ரிமென்ட், ஈட்டிய விடுப்பு, டிரான்ஸ்ஃபர் இவற்றைத் தவிர உலகத்தில் வேறு இலக்கியம் இல்லை என்று நம்புகிறவன். சனி, ஞாயிறு இரண்டு நாள் லீவில் "எங்கேயாவது போய்ட்டு வரலாம்" என்று அவன்தான் கிளம்பினான். போனால் முறையாகப் பார்க்க வேண்டும், கைடு வைத்துக்கொள்வோம் என்றதும் அவன்தான்.

நிழல் விஷயத்துக்கு வருவோம். நம்ம ஊர்ச் சித்திரை மாத உச்சிவெயிலில், அடி அகலமாகவும் முடி குறுகலாகவும் இருக்கிற எந்தக் கட்டடத்தின் நிழலும் அதன் காலடிக்குள்ளேயே அடங்கிவிடும். பாக்கி நேரமெல்லாம் சமர்த்தாக வெளியே விழும். இதில் ராஜராஜனுக்கு எந்தப் பங்கும் இல்லை. சூரியன் செய்கிற வேலை.

அடுத்த வெடி, உச்சிக்கல். 80 டன். ஒரே கல். சாரப்பள்ளம் கிராமத்திலிருந்து மைல்கணக்கில் சாரம் கட்டி, யானைகளை விட்டு இழுத்து ஏற்றினார்கள். கைடு இதைச் சொல்லும்போது அவரே இழுப்பது போல் மூச்சு வாங்கினார். உச்சியில் இருப்பது ஒரே கல் இல்லை, பல துண்டுகளை இணைத்து அமைத்தது என்று தொல்லியல்காரர்கள் எத்தனையோ முறை சொல்லியாயிற்று. பல துண்டுகளைப் பொருத்தி ஆயிரம் வருடம் அசையாமல் நிற்க வைப்பது மட்டும் சின்ன வேலையா? ஆனால் 'ஒரே கல்' என்றால் வாயைப் பிளக்கிறவர்கள் 'பல கல்' என்றால் கொட்டாவி விடுகிறார்கள்.

மூன்றாவதை நீங்களும் செல்போனில் நூறு முறை பார்த்திருப்பீர்கள். லிங்கம் 12 அடி, தமிழின் உயிரெழுத்து 12. பீடம் 18 அடி, மெய்யெழுத்து 18. விமானம் 216 அடி, உயிர்மெய் 216. லிங்கத்துக்கும் நந்திக்கும் நடுவே 247 அடி, மொத்த எழுத்து 247!

"ராஜராஜன்கிட்ட இங்கிலீஷ் ஸ்கேல் இருந்திருக்கு பாருய்யா" என்றான் நண்பன்.

அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ராஜராஜன் தான் செய்துவைத்த செப்புத் திருமேனிகளின் உயரத்தை முழம், சாண், விரல் என்று அளந்து எழுதி வைத்திருக்கிறான். நாம் சொல்லும் 12 அங்குல அடி வெள்ளைக்காரன் கொண்டுவந்தது. போகட்டும், இப்போது நாம் பார்க்கிற பெரிய நந்தி ராஜராஜன் வைத்ததே அல்ல. பல நூற்றாண்டு கழித்து நாயக்கர்கள் வைத்தது. அவன் காலத்தில் இல்லாத நந்திக்கும் லிங்கத்துக்கும் நடுவே, அவன் காலத்தில் இல்லாத அடியில் 247 கணக்கு!

அந்த நந்தி வளர்ந்துகொண்டே போனதாம், முதுகில் ஆணி அடித்து நிறுத்தினார்களாம். விமானத்தில் தொப்பி போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் உருவம் இருக்கிறது. இந்த நாட்டை ஆங்கிலேயன் ஆளப்போகிறான் என்று ராஜராஜனுக்கு முன்பே தெரியுமாம். தெரிந்திருந்தால் பொம்மை செய்து வைத்துவிட்டுச் சும்மா இருந்திருப்பானா?

கைடைக் குறை சொல்வதாக நினைக்காதீர்கள். அருமையான மனிதர். தமிழ், ஹிந்தி, இங்கிலீஷ், கொஞ்சம் பிரெஞ்சு. வெண்கலக் குரல். எந்த இடத்தில் நிறுத்தினால் போட்டோ நன்றாக வரும் என்று தெரிந்தவர். எனக்கு இருந்தது ஒரே ஒரு கேள்விதான். விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றிக் கல் கல்லாக எழுத்து வெட்டியிருக்கிறதே, அது என்ன?

"அது வட்டெழுத்து சார். யாருக்கும் புரியாது."

அது வட்டெழுத்து இல்லை. சோழர் காலத்துத் தமிழ் எழுத்து. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் க, ட, ப, ம எல்லாம் பழைய சிநேகிதன் போல அடையாளம் தெரியும். நானும் அவன் கொடுத்தது, அக்கா கொடுத்தது, மனைவிமார் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லிலே வெட்டச் சொல்லி ராஜராஜன் உத்தரவு போட்ட கதையைக் கல்லூரியில் படித்ததோடு சரி. போகிற வழியில் படிக்கலாம் என்று தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் சில பக்கங்களை இந்த முறை போனில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தேன்.

அந்தத் தொகுதிக்கே ஒரு கதை உண்டு. சுவர் நிறைய ராஜராஜன் பெயர் இருந்தும், இந்தக் கோயிலைக் கட்டியது அவன்தான் என்பதே நடுவில் ஜனங்களுக்கு மறந்துபோய்விட்டது. தலபுராணம் கரிகால் சோழன் என்றது. அந்தக் காலத்துக் கைடுகளும் அதையே சொல்லியிருப்பார்கள். 1886-ல் சென்னை அரசின் கல்வெட்டு அதிகாரியாக வேலைக்குச் சேர்ந்த ஹுல்ஷ் என்கிற ஜெர்மானியர், படிவம் எடுத்து, வரிவரியாகப் படித்து, 1891 முதல் அச்சில் கொண்டுவந்தார். விலாசம் வாசலில் எழுதியிருந்தும் வீட்டுக்காரர் யார் என்று ஊரெல்லாம் விசாரித்த கதைதான்.

நிழலில் உட்கார்ந்து போனைப் பார்த்துப் படித்தேன். ராஜராஜனின் 29-ம் ஆட்சியாண்டு, அதாவது 1014. சோழ நாட்டின் மற்றக் கோயில்களிலிருந்து 400 ஆடல் பெண்களை இந்தக் கோயிலுக்குக் கொண்டுவந்து குடியேற்றுகிறான். தளிச்சேரிப் பெண்டுகள் என்று பெயர். கோயிலைச் சுற்றித் தெரு அமைத்து ஆளுக்கு ஒரு வீடு. தெருவின் ஒரு வரிசைக்குச் 'சிறகு' என்று பெயர். தெற்குத் தெரு, தென்சிறகு, தலைவீடு: திருவையாற்று ஒலோகமாதேவீச்சரத்திலிருந்து வந்த நக்கன் சேரமங்கை. அடுத்து இரண்டாம் வீடு, மூன்றாம் வீடு என்று வரிசையாகப் போகிறது. திருவாரூரிலிருந்து வந்தவள், பழையாறையிலிருந்து வந்தவள், எடுத்தபாதம் என்று நடராஜரின் தூக்கிய காலைப் பெயராக வைத்துக்கொண்டவள். 400 பேருக்கும் பெயர், பழைய கோயில், புது வீட்டின் வரிசை எண்.

நண்பன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "இது சர்வீஸ் ரிஜிஸ்டர்!"

"சம்பளமும் இருக்கு. பங்கு ஒன்றுக்கு வருஷத்துக்கு நூறு கலம் நெல்."

"வீடு கொடுத்தாச்சு. ஹெச்.ஆர்.ஏ. கிடையாது" என்று உடனே குறித்துக்கொண்டான். தேவாரம் பாட 48 பேர், கூட உடுக்கை அடிக்க ஒருவர், கொட்டி மத்தளத்துக்கு ஒருவர், ஆக 50 பேருக்கும் நாளைக்கு மூன்று குருணி நெல் என்று சொன்னேன். 12 குருணி ஒரு கலம். போனில் கணக்குப் போட்டு, "வருஷத்துக்கு 91 கலம், 3 குருணி. டான்ஸ் கேடர் கொஞ்சம் மேல" என்றான். ஆட்டம் சொல்லிக்கொடுக்கும் நட்டுவனாருக்கு இரண்டு பங்கு. பட்டியல் இதோடு நிற்கவில்லை. குடை பிடிக்கிறவர், விளக்கு ஏற்றுகிறவர், சலவைக்காரர், குயவர், தையல்காரர், கணக்கர் எல்லோருக்கும் இடம் உண்டு. முடி திருத்துகிறவருக்கு ராஜராஜப் பெருநாவிசன் என்று தன் பெயரையே பட்டமாகக் கொடுத்திருக்கிறான். கட்டிய தச்சர் பெயரும் கல்லில் இருக்கிறது: வீரசோழன் குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன். ஒரு விளக்கு அணையாமல் எரிய 96 ஆடு என்று கணக்குப் போட்டு, அந்த ஆட்டை வாங்கிக்கொண்டு தினம் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டிய இடையர்களின் பெயரும் ஊரும்கூட இருக்கிறது.

இதெல்லாம் தங்கக்காலம், பாலும் தேனும் ஓடியது என்று சொல்ல வரவில்லை. கோயிலுக்கு நெல் அளக்க வேண்டிய ஊர்களின் நிலத்தை மா, காணி, முந்திரி, அதற்கும் கீழே என்று தூள் தூளாக அளந்து எழுதிய அதே கல்வெட்டில், வரியில்லாத நிலம் என்று கழிக்கிற பட்டியலில் குளம், வாய்க்கால், சுடுகாட்டோடு தீண்டாச்சேரியும் வருகிறது. வயல் நடுவே கோடு எங்கே போட்டிருந்தார்கள் என்பதும் கல்லில் இருக்கிறது. அந்த 400 பெண்களும் பிரியப்பட்டு வந்தார்களா, தாயாரைக் கட்டிக்கொண்டு அழுதார்களா, அதைக் கல் சொல்லவில்லை. டிரான்ஸ்ஃபர் ஆர்டரில் அதையெல்லாம் எழுதும் வழக்கம் அன்றைக்கும் இல்லை.

கடைசியாக ஒரு விதி. பங்கு பெறுகிறவர் இறந்துபோனாலோ ஊரை விட்டுப் போனாலோ, அவருக்கு நெருங்கிய உறவினர் அந்தப் பங்கைப் பெற்றுக்கொண்டு வேலையைச் செய்ய வேண்டும். உறவினருக்கு அந்த வேலை தெரியாதென்றால், தெரிந்த ஒருவரை அவர் தேர்ந்தெடுத்து வேலையைச் செய்ய வைக்கலாம். உறவினரே இல்லையென்றால், அந்த வேலையில் இருக்கும் மற்றவர்கள் சேர்ந்து தகுதியானவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நண்பன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் போனை வாங்கி இன்னொரு முறை படித்தான்.

"கருணை அடிப்படை நியமனம்" என்றான். அப்புறம் ரொம்ப நேரம் பேசவில்லை.

பிறகுதான் சொன்னான். அவன் மேஜையில் ஒரு ஃபைல் இருக்கிறது. அலுவலக உதவியாளர் ஒருவர், பணியில் இருக்கும்போதே இறந்துவிட்டார். மகள் பிளஸ் டூ படித்தவள். மனு கொடுத்து மூன்று வருடம் ஆகிறது. வாரிசுச் சான்றிதழில் பெயருக்கு முன்னால் ஓர் இனிஷியல் தப்பு. அதைத் திருத்திக் கொண்டுவந்தபோது வருமானச் சான்றிதழ் பழசாகிவிட்டது. அதைப் புதிதாக வாங்கி வந்தால், மேலே இருந்த அதிகாரி மாறிவிட்டார். மாதம் ஒரு முறை அந்தப் பெண் அம்மாவோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். "என்ன சார் ஆச்சு"ன்னு கேட்காது. அதுதான் கஷ்டம் என்றான்.

கைடு எங்கள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சார், இதெல்லாம் நெசமா செவத்துல இருக்கா?"

"இருக்கு."

"இருபது வருஷமா நானும் இந்தச் செவத்தைத் தடவிக்கிட்டுத்தான் போறேன்" என்றார். உடனே தொழில்காரராகவும் ஆனார். "ஆனா ஒண்ணு சார். பஸ்ஸுல அம்பது பேரு வந்து இறங்குவாங்க. முக்கால் மணி நேரம் டயம். 'நிழல் விழாது'ன்னா 'ஆ'ம்பாங்க. கடைசியில பையில கையை விடுவாங்க. 'தலைவீட்டுல ஒரு பொண்ணு இருந்துச்சு'ன்னா, 'பாத்ரூம் எந்தப் பக்கம்?'பாங்க."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் பிழைப்பை நான் நடத்தவில்லை. அந்தப் பக்கத்தைத் தன் போனுக்கு அனுப்பச் சொன்னார். அனுப்பினேன்.

மத்தியானம் வாழையிலைச் சாப்பாடு. கத்தரிக்காய் போட்ட சாம்பாரைக் காட்டி, மராட்டிய சாம்பாஜி பெயரால்தான் சாம்பார் என்று கைடு ஆரம்பித்தார். நண்பன் அவரைப் பார்த்தான். அவர் சிரித்துக்கொண்டே ரசத்துக்கு நகர்ந்துவிட்டார்.

அரண்மனைக்கு ஒரு மணி நேரம்தான் மிச்சம். கலைக்கூடத்தில் திருவெண்காட்டு ரிஷபவாகனர் நிற்கிறார். 1011-ல் செய்தது. காளை இல்லை. ஆனால் கையை அது மேல் போட்டுச் சாய்ந்திருக்கும் ஒயிலில் காளை இருக்கிறது. நண்பன் இரண்டு நிமிஷம் சாய்ந்து பார்த்துவிட்டு, "முடியலைப்பா" என்றான். பக்கத்திலேயே சரசுவதி மகால் நூலகம். சேகரித்தவர்களில் பெரிய கை இரண்டாம் சரபோஜி. 1798 முதல் 1832 வரை ராஜா. அவர் ஆட்சியில் கண் நோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்து, கண்ணின் படம் வரைந்து, என்ன நோய், என்ன சிகிச்சை என்று குறித்து வைத்த ஏடுகள் இந்த நூலகத்தில் உண்டு. இந்த சரபோஜிதான் 1803-ல் போன்சலே வம்ச வரலாறு முழுவதையும் பெரிய கோயில் சுவரில் மராத்தியில் வெட்டச் சொன்னவர். தஞ்சாவூரில் ஆண்டவர்களுக்கெல்லாம் எதையாவது எழுதி வைக்காமல் தூக்கம் வராது போலிருக்கிறது.

ரயிலடியில் காபி குடிக்கும்போது நண்பன் சொன்னான். "அந்தப் பக்கத்தை எனக்கும் ஒரு காப்பி அனுப்பு. ஃபைல்ல 'முன்னுதாரணம்'னு சேர்த்து வைக்கிறேன்."

"உங்க அதிகாரி ஒத்துக்குவாரா?"

"மாட்டாரு. ஜி.ஓ. நம்பர் என்ன, தேதி என்னம்பாரு."

"இருபத்தொன்பதாம் ஆட்சியாண்டுன்னு போடு."

"எந்தத் துறைன்னு கேட்பாரே" என்றான் கவலையாக.