போர்டு போகவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

1975-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15-ஆம் நாள் சென்னையில் தொலைக்காட்சி துவங்கிய காலத்தில், பிம்பம் இரட்டையாகத் தெரிந்தால் மாடியில் ஒருவர் ஆன்டெனாவைத் திருப்புவதும், கீழே ஒருவர் ‘போதும், போதும்’ என்று கூவுவதுமாகக் காரியம் முடிந்துவிடும்.

சென்ற மாதம் எங்கள் இல்லத்துப் பெட்டியில் படம் சதுரம் சதுரமாகச் சிதறி, ஒலியும் விட்டுவிட்டு வரவே, பழுது பார்க்க வந்த இளைஞர் ஒரு திருகைக்கூடக் கழற்றாமல், ‘போர்டு போயிடுச்சு சார், ஏழாயிரம் ஆகும்’ என்று தீர்ப்பளித்தார். போர்டே போயிருந்தால், பென் டிரைவிலிருந்த பேத்தியின் நாட்டியம் மட்டும் அப்பழுக்கின்றி ஓடுவானேன் என்ற சந்தேகம் எழ, செட்டாப் பாக்ஸின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மாடியேறிப் பார்த்தேன். டிஷ்ஷில் திருகியிருந்த கனெக்டருக்குள் மழைநீர் புகுந்து, நடுவிலிருந்த செப்புக் கம்பி பச்சை பூத்திருந்தது. கெட்டுப்போன நுனியை நறுக்கி, உறையைச் சீவி, புதுக் கனெக்டர் மாட்டி டேப் சுற்றியதும் படம் நிர்மலமாயிற்று. செலவு முப்பது ரூபாய்.

ஒலி அறவே நின்றுபோனால், செட்டாப் பாக்ஸின் ஒலி அமைப்பை ‘டால்பி’யிலிருந்து ‘பிசிஎம்’முக்கு மாற்றிப் பார்ப்பது உசிதம். உதட்டசைவுக்குப் பேச்சு பின்தங்கினால், பெரும்பாலும் புளூடூத் ஸ்பீக்கரே குற்றவாளி.

பழைய பிக்சர் டியூப் பெட்டியின் பின்மூடியை மட்டும் அன்பர்கள் திறக்கலாகாது. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் உயிரை வாங்கக்கூடிய மின்னழுத்தம் அதனுள் தங்கியிருக்கும்.

தங்கள் அன்புள்ள,
பழைய சந்தாதாரர் ஒருவர்,
மயிலாடுதுறை.