கீரை கண்ணுக்கு நல்லது. கண்ணில் பிழிவதற்கு அல்ல!

அறுவடைக் காலம். கதிர் அறுக்கும்போது நெல் தாள் கண்ணில் குத்திவிடுகிறது. கண் சிவக்கிறது, நீர் வடிகிறது, வெளிச்சம் பட்டால் கூசுகிறது.

உடனே நம் வீட்டில் என்ன செய்கிறோம்?

"தாய்ப்பால் ஒரு சொட்டு விடு" என்கிறார், பாட்டி. "விளக்கெண்ணெய் விடு" என்கிறார், பக்கத்து வீட்டுக்காரர். "பச்சிலையைப் பிழிந்து விடு" என்கிறார், இன்னொருவர்.

எல்லோருக்கும் நல்ல எண்ணம்தான். ஆனால், இந்தப் பழக்கத்தால் கண்ணை இழந்தவர்கள் உண்டு! இதை நாம் அடியோடு விட்டுவிட வேண்டும்.

கடிகாரக் கண்ணாடி

கடிகாரத்துக்கு முன்னால் கண்ணாடி இருக்கிறது அல்லவா? அதுபோல, நம் கண்ணின் முன்னால் தெளிவான ஒரு படலம் இருக்கிறது. அதைத்தான் டாக்டர்கள் கருவிழி என்கிறார்கள். அதன் நடுப்பகுதியின் கனம் சுமார் அரை மில்லிமீட்டர்தான்.

அதில் இரத்தக் குழாய் கிடையாது. இருந்தால் பார்வையை மறைக்குமே! கண்ணீரும், கண்ணுக்குள் உள்ள நீரும்தான் அதற்கு உணவு.

மேலாகப் பட்ட சிறு கீறல் சில நாளில் ஆறிவிடும். கிருமியோ, பூஞ்சைக்காளானோ புகுந்தால் புண் ஆழமாகும். ஆழமான புண் ஆறினாலும் வெள்ளைத் தழும்பு நிற்கும். "கண்ணில் பூ விழுந்துவிட்டது" என்கிறோமே, அதுதான்!

பச்சிலைச் சாற்றோடு கிருமியும் கண்ணுக்குள் போகிறது. கடையில் நாமாகக் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தும் ஆபத்து. அதில் ஸ்டீராய்டு இருந்தால், சிவப்பு குறையும். உள்ளே பூஞ்சை வளரும்.

வெண்ணெய் நாட்டில் குருடு

அப்படியானால், வீட்டு வைத்தியமே கிடையாதா? உண்டு. அது அடுப்படியில் இருக்கிறது!

டென்மார்க், வெண்ணெய்க்குப் பேர்போன நாடு. முதல் உலகப் போர் (1914–1918) நடந்தபோது, அங்கே ஏழைக் குழந்தைகள் பலருக்குக் கருவிழி வறண்டு புண்ணானது. சிலருக்குப் பார்வையே போனது.

கார்ல் பிளாக் என்ற குழந்தை டாக்டர் காரணத்தைக் கண்டார். வெண்ணெய் வெளிநாட்டுக்குக் கப்பல் ஏறியது. ஏழைக் குழந்தைகளுக்குக் கிடைத்ததோ கொழுப்பு எடுத்த பால்! முழுப் பாலும் மீன் எண்ணெயும் கொடுத்தார். புண் முற்றாத கண்கள் தேறின.

அவற்றில் இருந்த சத்துதான் வைட்டமின் ஏ. அது மிகவும் குறைந்தால், சில நாளில் கருவிழி கரைந்தே போகலாம். முதல் எச்சரிக்கை, மாலைக்கண்.

பத்தியம் வேண்டாம்

தட்டம்மையும் வயிற்றுப்போக்கும் குழந்தையின் உடம்பில் உள்ள இந்தச் சத்தைக் குறைத்துவிடும். அந்த நேரத்தில் "வெறும் கஞ்சி போதும்" என்று பத்தியம் வைப்பது நியாயமா?

முருங்கைக்கீரை, பப்பாளி, மாம்பழம், பால், முட்டை எதுவானாலும் கொடுங்கள். கீரையில் கொஞ்சம் எண்ணெய் சேர்த்தால் சத்து நன்றாக உடம்பில் சேரும்.

9–வது மாதம் முதல் 5 வயது வரை, 6 மாதத்துக்கு ஒருமுறை அரசு தரும் வைட்டமின் ஏ மருந்தையும் தவறாமல் கொடுங்கள். நீங்களாக வாங்கி அதிகம் கொடுக்காதீர்கள்.

கண்ணில் அடிபட்டால் கசக்க வேண்டாம். தூசு விழுந்திருந்தால் சுத்தமான தண்ணீரால் கழுவுங்கள். எதையும் பிழியாமல், அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள்.

கீரை சட்டிக்குப் போகட்டும்! புண்பட்ட கண் டாக்டரிடம் போகட்டும்!