வெளிநாட்டில் படிக்கும் பிள்ளையின் வார இறுதி: வீண் செலவா, படிப்பின் பங்கா?

ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பரில் பிரிட்டன் பல்கலைக்கழகங்கள் திறக்கும் வேளையில், நம் பிள்ளைகளும் கேஎல்ஐஏ வழியாகப் புறப்படுகிறார்கள். இரண்டு மாதம் கழிந்ததும் எடின்பரோவிலும் பாரிஸிலும் எடுத்த படங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வந்து சேர்கின்றன. கூடவே ஒரு பேச்சும் கிளம்புகிறது: "இபிஎஃப் பணத்தை எடுத்துப் படிக்க அனுப்பினால், பையன் ஊர் சுற்றுகிறானே!"

அந்தக் கவலையில் நியாயம் இல்லாமல் இல்லை. 2024 மே மாதம் முதல் ஊழியர் சேமநிதியின் மாதச் சந்தாவில் 15 விழுக்காடு மட்டுமே செஜாத்ரா கணக்கில் சேர்கிறது. பிள்ளைகளின் கல்விக்காகப் பணம் எடுக்க முடிவது அந்தக் கணக்கிலிருந்துதான். தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் பல ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பணம் அது. அது எங்கே போகிறது என்று கேட்கப் பெற்றோருக்கு முழு உரிமை உண்டு. ஆனால், பணம் கரைவது பெரும்பாலும் அந்தப் படங்களில் தெரியும் இடங்களில் அல்ல.

எதற்காகக் கூடுதல் பணம்?

முதலில் ஓர் அடிப்படைக் கேள்வி. நோட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் பட்டத்தைச் செமினியிலேயே பெறலாம். ஹெரியட்-வாட் பட்டத்துக்குப் புத்ராஜெயா போதும். நியூகாசல் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பட்டத்தை ஜொகூர் இஸ்கண்டார் புத்ரியில் படிக்கலாம். அப்படியிருந்தும் ஒரு குடும்பம் கடன் வாங்கிப் பிள்ளையைக் கடல் கடந்து அனுப்புகிறது. விரும்பிய துறை இங்கே கிடைக்காதது சிலருக்குக் காரணம். மற்றவர்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணம் பட்டத்துக்கானது அல்ல. வேறொரு நாட்டில் தனியாக வாழ்ந்து, பலதரப்பட்ட மனிதர்களோடு பழகி, தன் காலில் நிற்கக் கற்றுக்கொள்வதற்கான விலை அது.

இந்தக் கோணத்தில் பார்த்தால், வார இறுதி முழுவதும் அறைக்குள் முடங்கிக் கிடக்கும் மாணவரும், உணவகச் சமையலறையிலேயே கழிக்கும் மாணவரும் விலை கொடுத்து வாங்கிய பொருளைப் பெறாமலேயே திரும்புகிறார்கள்.

வார நாள்களின் கணக்கு

உண்மையான செலவு திங்கள் முதல் வெள்ளி வரை நடக்கிறது. மாணவர் விசாவுக்கு, லண்டனுக்கு வெளியே படிப்பவர்கள் மாதம் 1,171 பவுண்டு வீதம் ஒன்பது மாதத்துக்கான வாழ்க்கைச் செலவைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது 2025 நவம்பரில் உயர்த்தப்பட்ட விதி. மொத்தம் 10,539 பவுண்டு. பவுண்டு ஒன்றுக்கு ஐந்தரை ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால், ஏறத்தாழ 58,000 ரிங்கிட். லண்டன் என்றால் மாதத்துக்கு 1,529 பவுண்டு. கல்விக் கட்டணம் இதில் சேராது. ஆண்டுக்கு 776 பவுண்டு சுகாதாரக் கட்டணம் தனி. மூன்றாண்டு படிப்புக்குக் குறைந்தது 2,328 பவுண்டை விசா விண்ணப்பத்தோடு ஒரே தடவையில் கட்ட வேண்டும்.

இதில் பெரும்பகுதியை வாடகை விழுங்குகிறது. முதலாண்டில் பல்கலைக்கழக விடுதி. பிறகு நான்கைந்து பேர் சேர்ந்து எடுக்கும் வீடு. இங்கிலாந்தில் அப்படி எடுக்கும் வீட்டுக்கு ஐந்து வார வாடகை வரை முன்பணம் கேட்கலாம். குளிர்காலத்தில் வெப்பமூட்டியின் கட்டணம் வேறு. டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். வகுப்பு முடிந்து வந்து, பொதுச் சமையலறையில் இடம் பிடித்து, நாளைக்கும் சேர்த்துச் சோறும் குழம்பும் ஆக்கி, டப்பாவில் அடைத்து வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்றால் துணி துவைப்பதும் வாரத்துக்கான சாமான் வாங்குவதுமாகப் பாதி நாள் போய்விடும். அம்மாவின் கைச்சமையலையே நம்பி வளர்ந்த பிள்ளைக்கு இதுவே முதல் பாடம்.

இருபது மணி நேரம்

பணம் பற்றாமல் போகும்போது பகுதிநேர வேலைதான் கைகொடுக்கிறது. ஆபத்தும் அங்கேதான் தொடங்குகிறது.

பட்டப்படிப்பு மாணவர் பாடத் தவணையில் வாரத்துக்கு 20 மணி நேரம் மட்டுமே வேலை செய்யலாம். திங்கள் முதல் ஞாயிறு வரை என்பதே வாரக் கணக்கு. இந்த வாரம் பத்து மணி, அடுத்த வாரம் முப்பது மணி என்று சரிக்கட்ட முடியாது. இரண்டு இடத்தில் வேலை என்றாலும் கூட்டுத்தொகை இருபதைத் தாண்டக்கூடாது. விடுமுறையில் முழுநேரம் வேலை செய்யலாம். ஆனால் முதுகலை மாணவர்கள் ஆய்வேடு எழுதும் கோடைக்காலம் விடுமுறையாகக் கருதப்படுவதில்லை.

சுயதொழிலுக்கும் அனுமதி இல்லை. செயலி வழி உணவு விநியோகம் சுயதொழிலாகவே கொள்ளப்படுகிறது. நண்பரின் கணக்கில் சனி, ஞாயிறு மட்டும் ஓட்டினால் யாருக்குத் தெரியும் என்று நினைப்பவர், மொத்த முதலீட்டையும் ஒரு சைக்கிளின் மேல் வைத்து ஓட்டுகிறார். பிடிபட்டால் விசா ரத்தாகலாம்; படிப்பு பாதியில் நிற்கும்.

விதிப்படி உழைத்தால் எவ்வளவு கிடைக்கும்? 2026 ஏப்ரல் முதல் 18 முதல் 20 வயதுடையவருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 10.85 பவுண்டு. இருபது மணி நேரத்துக்கு 217 பவுண்டு. சாப்பாட்டுக்கும் கைச்செலவுக்கும் அது உதவும். வாடகையையும் அதிலேயே கட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டு அனுப்பினால், பிள்ளை விதியை மீற வேண்டிவரும் அல்லது பாடத்தைக் கோட்டைவிட நேரும்.

பயணத்தின் விலை

இதோடு ஒப்பிட்டால் வார இறுதிப் பயணம் சிறு தொகைதான். 35 பவுண்டுக்கு வாங்கும் இளையோர் ரயில் அட்டை ஓராண்டுக்கு ரயில் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைக்கிறது. இங்கிலாந்தில் லண்டனுக்கு வெளியே பெரும்பாலான பஸ்களில் ஒருவழிக் கட்டணம் மூன்று பவுண்டுக்கு மேல் போகாது. மான்செஸ்டரிலிருந்து லிவர்பூலுக்குக் காலையில் போய் மாலையில் திரும்பலாம். பிரிட்டிஷ் மியூசியம், விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம் இரண்டின் நிரந்தரக் காட்சிக்கூடங்களுக்கும் நுழைவு இலவசம். மலேசியக் கடப்பிதழ் இருந்தால் ஷெங்கன் நாடுகளுக்கு விசா வேண்டாம். 180 நாளில் 90 நாள் வரை தங்கலாம். பாரிஸ் படம் பார்ப்பதற்குப் பெரிதாகத் தெரிந்தாலும், முன்கூட்டியே பஸ் டிக்கெட் எடுத்தவருக்கு அது லட்சாதிபதியின் பயணம் அல்ல.

லண்டன் பேய்ஸ்வாட்டரில் உள்ள மலேசியா ஹால் உணவகத்தில் நாசி லெமாக் சாப்பிட்டு ஊர்க்கதை பேசுவதும் பயணம்தான். வீட்டு ஏக்கம் பிடித்த மாணவருக்கு அது மருந்து.

தோட்டப்புறத்திலிருந்து சென்ற பிள்ளை தவறவிடக்கூடாத இடம் ஒன்று உண்டு: லண்டன் கியூ தாவரவியல் பூங்கா. 1876இல் பிரேசிலிலிருந்து கொண்டுவரப்பட்ட ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகள் முளைக்கப் போடப்பட்டது அங்கேதான். அதன் தொடர்ச்சியாக 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் சில கோலகங்சாரில் நடப்பட்டன. பிற்காலத்தில் அந்த மரத்தை நம்பித்தான் நம் பாட்டன் பாட்டிமார் கப்பலேறினர். நுழைவுக் கட்டணம் உண்டு என்றாலும், பால்வெட்டுத் தொழிலாளியின் பேரப்பிள்ளை அங்கே நின்று பார்ப்பதை ஊர் சுற்றல் என்று ஒதுக்கிவிட முடியாது.

புறப்படும் முன் பேச வேண்டியது

எல்லாப் பயணமும் நல்லதென்று சொல்வதற்கில்லை. கடன் அட்டையில் போகும் பயணம், திங்கள் வகுப்பைத் தவறவிடும் பயணம், நண்பர்களுக்கு ஈடாகக் காட்டிக்கொள்ளப் போகும் பயணம் ஆகியவை தவிர்க்க வேண்டியவை. வருகைப் பதிவு குறைந்தால் பல்கலைக்கழகம் விசாவுக்கான ஆதரவையே மீட்டுக்கொள்ளக்கூடும்.

ஆகவே விமான டிக்கெட் எடுக்கும் முன்பே பெற்றோரும் பிள்ளையும் ஒரு தாளில் கணக்கு எழுத வேண்டும். வாடகை, சாப்பாடு, பஸ், தொலைபேசி, குளிராடை என்று எழுதும்போது, மாதத்துக்கு ஒரு சிறு பயணத்துக்கும் ஒரு வரி ஒதுக்கலாம். பகுதிநேர வருமானத்தை வாடகைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. அதைச் சேர்த்தால்தான் கணக்கு ஒத்துவரும் என்றால், செமினியும் புத்ராஜெயாவும் இன்னும் திறந்தே இருக்கின்றன. அதில் குறைவு ஒன்றும் இல்லை.

குளிர்காலத்தில் அங்கே மதியம் ஒரு மணி என்றால் இங்கே இரவு ஒன்பது மணி. ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்தில் அழைக்கும் பெற்றோர், "எங்கே போனாய்?" என்பதோடு "இந்த வாரம் எத்தனை மணி நேரம் வேலை செய்தாய்? வாடகை கட்டியாயிற்றா?" என்றும் கேட்கட்டும். படங்களில் தெரியாத சிரமம் ஏதேனும் இருந்தால், அந்தப் பதில்களில் தெரிந்துவிடும்.