ஏழு நாடு, பத்து நாள், மூணு வருஷ இஎம்ஐ

ஒருத்தர் எந்த வருஷம் ஃபாரின் டூர் போனார்னு தெரிஞ்சுக்க நான் இன்ஸ்டாகிராம் பார்க்கறதில்ல. ஃபார்ம் 26ஏஎஸ் பார்த்தாலே தெரிஞ்சிடும்.

2024 டிசம்பர் 20-ம் தேதி ஒரு தம்பதி ஆஃபீஸுக்கு வந்தாங்க. ரெண்டு பேருக்கும் ஓஎம்ஆர்ல ஐடி வேலை. வீட்டுக் கடனுக்காக பேங்க்ல ஐடிஆர் கேட்டிருக்காங்க. அவரோட 26ஏஎஸ்ஸைத் திறந்தா, டிசிஎஸ்னு 30,000 ரூபாய் நிக்குது. அவரே தாக்கல் பண்ண ரிட்டர்ன்ல அதைக் காட்டவே இல்ல. "இது என்ன சார்?"னு என்கிட்டயே கேட்டார்.

அந்த வருஷம் பிப்ரவரியில 6 லட்சத்துக்கு ஐரோப்பா பேக்கேஜ் புக் பண்ணியிருக்கார். அப்போ 7 லட்சம் வரைக்கும் வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு டிசிஎஸ் 5%. டூர் கம்பெனி உங்ககிட்ட வாங்கி, உங்க பான் நம்பர்ல அரசுக்குக் கட்டிடும். அது டூர் செலவு இல்லைங்க, நீங்க முன்கூட்டியே கட்டின வருமான வரி. ரிட்டர்ன்ல கேட்டா வரியில கழியும், மிச்சம் இருந்தா திரும்ப வரும். கேட்கலைன்னா யாரும் வீடு தேடி வந்து கொடுக்கமாட்டாங்க. நல்லவேளை, ரிவைஸ்டு ரிட்டர்ன் போட டிசம்பர் 31 வரைக்கும் 11 நாள் பாக்கி இருந்துச்சு. ஜனவரியில வந்திருந்தா கதையே வேற. (விகிதமும் வரம்பும் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும், புக் பண்ற அன்னைக்கு என்னன்னு பாருங்க. 2024 அக்டோபர்ல இருந்து சம்பளக்காரங்க இந்த டிசிஎஸ் விவரத்தை கம்பெனியில கொடுத்தா, மாச டிடிஎஸ்லயே கழிச்சுக்க வழி இருக்கு. உங்க பேரோல் டீம்கிட்ட கேளுங்க.)

அந்த 30,000 கிடைச்சிடும். என்னைச் சங்கடப்படுத்தினது வேற. அந்த 6 லட்சம் முழுக்க பர்சனல் லோன். 14% வட்டி, 36 மாசம். மாசம் சுமார் 20,500 ரூபாய், வட்டி மட்டுமே 1 லட்சத்து 38 ஆயிரம். அதைவிடப் பெரிய அடி வீட்டுக் கடன்ல. பேங்க் உங்க சம்பளத்துல ஏற்கெனவே ஓடுற இஎம்ஐயைக் கழிச்சிட்டுத்தான் எவ்வளவு கொடுக்கலாம்னு பார்க்கும். 20,500 ரூபாய் இஎம்ஐன்னா, 20 வருஷம், 8.75% வட்டிக்கு ஏறக்குறைய 23 லட்ச ரூபாய் வீட்டுக் கடன். பத்து நாள் டூர் போனதுக்கு, அவங்க பார்த்து வச்ச வீட்டுல ஒரு பெட்ரூம் குறைஞ்சு போச்சு.

சரி, டூராவது எப்படி இருந்துச்சுன்னு கேட்டேன். பத்து நாள்ல ஏழு நாடு. "பாதி நாள் பஸ்லயே போச்சு சார்"னு அந்தப் பொண்ணு சொன்னாங்க. சுவிட்சர்லாந்துல யுங்ஃப்ராயோக் போன அன்னைக்கு ஒரே பனிமூட்டம். 3,454 மீட்டர் உயரத்துல ரயில்ல ஏறிப் போய், வெள்ளைச் சுவர் முன்னாடி நின்னு போட்டோ எடுத்துட்டு இறங்கியிருக்காங்க. மறுநாள் காலையில பஸ் அடுத்த நாட்டுக்குக் கிளம்பிடுச்சு.

இதைக் கேட்டுட்டு "அதான் சொல்றேன், டூரெல்லாம் தண்டச் செலவு, எஸ்ஐபி போடுங்க"ன்னு முடிப்பேன்னு நினைக்கறீங்களா? சில வருஷம் முன்னாடி அதைத்தான் சொன்னேன். நம்ம சேனல்ல பழசா பார்க்கறவங்களுக்கு ஞாபகம் இருக்கும். 5 லட்சத்துக்கு ஐரோப்பா போறதுக்குப் பதிலா 12% வருமானத்துல 25 வருஷம் விட்டா 85 லட்சம்னு போர்டுல எழுதிக் காட்டினேன். கணக்கு சரிதான், கருத்துதான் தப்பு. அந்த வீடியோவை வீட்ல எடிட் பண்ணிட்டு இருந்தப்போ என் மனைவி கேட்டாங்க: "அந்த 85 லட்சத்தை வச்சு 60 வயசுல என்ன பண்ணப் போறோம்?" நான் யோசிக்காம "எங்கயாவது போலாம்"னு சொன்னேன். அவங்க சிரிக்கக்கூட இல்ல. கல்யாணம் ஆகி அப்போ மூணரை வருஷம். தேனிலவையே "அடுத்த வருஷம்"னு தள்ளிட்டு இருந்த ஆளு நான்.

அடுத்த மாசமே மாசம் 15,000 ரூபாய்க்கு ஆர்டி ஆரம்பிச்சோம். எஸ்ஐபியில கை வைக்கல. ரெண்டு போனஸ் வந்தும் கார் மாத்தல. முப்பது மாசத்துல வட்டியோட 4 லட்சத்து 85 ஆயிரத்துக்குக் கிட்ட சேர்ந்துச்சு. 2024 ஜூன்ல கிளம்பினோம். ஒரே நாடு, சுவிட்சர்லாந்து. ஒன்பது ராத்திரி, மூணே ஊர்: லவுட்டர்ப்ருன்னன், லூசெர்ன், பெர்ன்.

எங்க உறவுக்காரங்க எல்லாம் "அவ்வளவு தூரம் போயிட்டு பாரிஸ் பார்க்கலையா?"ன்னு கேட்டாங்க. இங்கதான் என் கட்சியைச் சொல்றேன். ஐரோப்பாவுல காசு கரையறது தங்கறதுல மட்டும் இல்ல, ஊர் ஊரா நகர்றதுலதான். ஒவ்வொரு நாடு மாறும்போதும் டிக்கெட், அரை நாள், ஸ்டேஷன்ல வாங்கித் தின்ற சாப்பாடு. ஒரே இடத்துல நாலு ராத்திரி தங்கினா சமையலறையோட வீடு கிடைக்கும். நாங்க அரிசி, பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் கொண்டு போனோம். தயிர், பால், காய்கறி எல்லாம் கூப் சூப்பர் மார்க்கெட்ல. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடை மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கி வச்சிடணும். தண்ணி பாட்டில் வாங்கவே வேண்டாம், குழாய்த் தண்ணியே குடிக்கலாம்.

தங்கறதோட பெரிய லாபம் காசு இல்ல, காத்திருக்க முடியறது. யுங்ஃப்ராயோக் உச்சியை லைவ் கேமராவுல காட்டறாங்க. தினம் காலையில 7 மணிக்குப் பார்ப்போம். முதல் ரெண்டு நாள் மூட்டம். அந்த ரெண்டு நாளும் அங்க போகல. சுவிஸ் டிராவல் பாஸ் கையில இருந்ததால, மியூரன்னு கார் போகாத மலைக் கிராமத்துக்கு ஒரு நாள், ப்ரியன்ஸ் ஏரியில கப்பல்ல ஒரு நாள். ரெண்டும் பாஸ்லயே அடக்கம், தனிக் காசு இல்ல. மூணாவது நாள் கேமராவுல நீல வானம். வெங்கன் வரைக்கும் பாஸ்ல போயிட்டு, அதுக்கு மேல 25% தள்ளுபடியில டிக்கெட் எடுத்தோம். 1912-ல மலையைக் குடைஞ்சு போட்டு முடிச்ச ரயில் பாதை அது. மேல போய் வெளிய வந்ததும் பனியாறு கண்ணுக்கெட்டின தூரத்துக்கு நீண்டு கிடந்துச்சு. என் மனைவி பத்து நிமிஷம் பேசவே இல்ல. நானும் கணக்கு எதுவும் சொல்லல.

லூசெர்ன்ல இருந்து ரிகி மலைக்குப் போறதும் பாஸ்லயே வரும். 1871-ல ஓட ஆரம்பிச்ச பல்சக்கர ரயில். நம்ம ஊட்டி ரயிலோட பல்சக்கர முறையும் ஒரு சுவிஸ் இன்ஜினியர் கண்டுபிடிச்சதுதான்.

நான் சறுக்கினதையும் சொல்லிடறேன். ப்ரியன்ஸ் ஏரிக்கரையில இசெல்ட்வால்ட்னு ஒரு ஊர். கொரிய சீரியல்ல வந்த சின்ன மரப் படகுத்துறைக்கு கூட்டம் அள்ளவும், ஆளுக்கு 5 ஃப்ராங்க்னு கேட் போட்டுட்டாங்க. ஒரு ஃப்ராங்க் அப்போ 93 ரூபாய்க்குக் கிட்ட. மனைவியை மட்டும் உள்ள அனுப்பிட்டு நான் கேட்டுக்கு வெளிய நின்னு போட்டோ எடுத்தேன். 465 ரூபாய் மிச்சம். இன்னைக்கு வரைக்கும் சொல்லிக் காட்டறாங்க.

இன்னொரு இடத்துல கார்டு மெஷின் "ரூபாயா, ஃப்ராங்கா?"ன்னு கேட்டுச்சு. ரூபாய்னு அழுத்தினா அவங்க வச்ச ரேட்டுக்கு மாத்துவாங்க. எப்பவும் உள்ளூர்ப் பணத்தையே அழுத்துங்க. கிளம்பறதுக்கு முன்னாடியே உங்க கார்டுல ஃபாரெக்ஸ் மார்க்கப் எவ்வளவுன்னு பாருங்க. 3.5%, அதுமேல ஜிஎஸ்டின்னு எடுக்கற கார்டுகள் நிறைய. ஷெங்கன் விசா கட்டணம் 2024 ஜூன் 11-ல இருந்து 90 யூரோ. விசா மறுத்தாலும் அது திரும்ப வராது. அதனால கையில விசா வர்ற வரைக்கும் கேன்சல் பண்ண முடியாத ஹோட்டலை புக் பண்ணாதீங்க.

இப்போ எங்க வீட்ல கைக்குழந்தை. அந்த மாதிரி ஒரு பயணம் இன்னும் நாலஞ்சு வருஷத்துக்கு நடக்காது. அந்த ஆர்டியை அன்னைக்குத் தொடங்கலைன்னா அது என்னைக்குமே நடந்திருக்காது.

அன்னைக்கு அந்தத் தம்பதிகிட்ட, ரீஃபண்ட் வந்ததும் 30,000-ஐ அப்படியே லோன்ல கட்டச் சொன்னேன், முன்கூட்டிக் கட்டினா அபராதம் உண்டான்னு பார்த்துட்டு. பேச்சுவாக்குல அந்த மலைக் கேமரா பத்திச் சொன்னேன். அந்தப் பொண்ணு உடனே போன்ல தேடி எடுத்தாங்க. நமக்கு சாயங்காலம் 4 மணி, அங்க காலை பதினொன்றரை. உச்சி பளிச்சுன்னு தெரிஞ்சுது. போனைக் கணவர் பக்கம் திருப்பிக் காட்டி, "ஏங்க, நாம போனது இந்த மலைக்கா?"ன்னு கேட்டாங்க.